பூவில் அச்சுப்பிழை

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன். பின்னால் சொல்ல வேண்டியதை மறந்தே போய்விடுவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வாய்த்தவரோ அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். முப்பது வருடமாகப் பகலில் புத்தகங்களைத் திருத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னைத் திருத்துகிறார். மளிகைச் சீட்டில் நான் 'சக்கரை' என்று எழுதினால், நடுவில் சிவப்பு மையால் ஒரு 'ர்' போட்டுத்தான் கடைக்கு அனுப்புவார். எடை குறைந்தாலும் பரவாயில்லை, எழுத்து குறையக் கூடாது.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுத்தடுத்து ஆபரேஷன் நடந்தது. "கண்ணாடி கொடுக்க ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் படிக்கக் கூடாது, குனியக் கூடாது, கண்ணுல தூசி படக் கூடாது" என்றார் டாக்டர். மனிதர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேசவே இல்லை. உப்பு கூடினாலும் சாப்பிட்டார், உப்பே இல்லாவிட்டாலும் சாப்பிட்டார். ஒரு நாள் வேண்டுமென்றே பொரியலில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டேன்.

"நல்லா இருக்கு" என்றார்.

முப்பது வருடமாக இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கியிருந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அது வேண்டாம் என்று. பழைய மனிதர் திரும்பி வந்தால் போதும்.

மகளிடம் சொல்லி அழுதேன். அவள் ஒரு விதைப் பாக்கெட்டோடு வந்தாள்.

"அப்பா, இது காட்டுப் பூ. நம்ம மண்ணுல தானா விளையுறதுதான். ஒரே பருவம். முளைச்சு, பூத்து, விதையை உதிர்த்துட்டுப் போயிடும்."

"பாக்கெட்டுல என்ன எழுதியிருக்கான்? எழுத்துப்பிழை இருக்கா?" என்றார் அவர்.

பதினோரு நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் அடுக்களைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் சபதம் போட்டார். "வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவுல இருக்கிற இடம் பூராவும் பூக்காடு ஆக்கப் போறேன்!" சபதம் அவருடையது, முதுகு என்னுடையது.

"விதையை மணல்ல கலந்து தூவு."

"தூவியாச்சு."

"மேல மண்ணைப் போட்டு மூடாதே. வெளிச்சம் படணும். பலகையைப் போட்டு அதுமேல நட."

"நடந்தாச்சு."

"இன்னும் அழுத்தி நட!"

"என் எடைக்கு இன்னும் அழுத்தினா விதை பூமிக்கு அந்தப் பக்கம் போய் முளைக்கும்ங்க."

"உரம் கிரம் போட்டுடாதே. காட்டுச் செடி பட்டினி கிடந்தாத்தான் பூக்கும்."

"உங்கம்மா இருந்தப்போ நானும் அப்படித்தான் பூத்தேன்."

சிரித்தார்! கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே பல் தெரிந்தது.

பத்தாம் நாள் முளைத்தது. அவருக்குப் பச்சையாக ஏதோ மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் தினம் மூன்று தடவை என்னிடம் எண்ணிக்கை கேட்பார். காலையில் சொன்னதைவிடக் குறைத்துச் சொன்னால் திட்டுவார். அன்றைக்கெல்லாம் எனக்கு நல்ல பசி எடுக்கும்.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளை அவரைக் கண் பரிசோதனைக்கு வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இரண்டு நாள் அங்கேயே தங்க வேண்டும். கிளம்பும்போது, "நான் வர்றதுக்குள்ள களை எடுத்து வை" என்றார்.

"எது களைன்னு எப்படிங்க தெரியும்?"

"பார்த்தாலே தெரியும்!"

பார்த்தேன். ஒரு கூட்டம் சோனியாக, ஆளுக்கு ஒரு தினுசாக, கோணல்மாணலாக நின்றது. இன்னொரு கூட்டம் நிமிர்ந்து, பச்சைப் பசேலென்று, ஒரே அச்சில் வார்த்த மாதிரி நின்றது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இவைதான் என்று நினைத்துக்கொண்டு சோனிகளையெல்லாம் பிடுங்கி வெயிலில் எறிந்தேன். சாயங்காலம் அடுத்த வீட்டுத் தையற்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, கோரைப்புல்லை இவ்வளவு மரியாதையா வளர்க்கிறீங்க?"

"எது கோரை?"

"நிக்கிறதெல்லாம்."

"அப்போ பிடுங்கினது?"

வாடிக் கிடந்த குவியலைப் புரட்டிப் பார்த்தாள். "அக்கா, அண்ணன் எப்போ வர்றாரு?"

"நாளைக்கு."

"ஊரைவிட்டு ஓடிடுங்க."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவார் என்று பயமில்லை. திட்டாமல், "பரவாயில்ல, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டால்?

தையற்காரிதான் வழி சொன்னாள். பஸ் நிற்கிற கொட்டகைக்குப் பின்னால் வெற்று நிலம். அங்கே வருடா வருடம் ஏதேதோ சின்னச் செடிகள் தானாக முளைத்துப் பூக்கும். நாங்கள் இருவரும் தட்டும் கரண்டியுமாகப் போனோம். வேர் அசையாமல் மண்ணோடு பெயர்த்து எடுத்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள்.

"என்னம்மா தேடுறீங்க?"

"என் புருஷனோட சந்தோஷத்தை" என்றேன். வேறென்ன சொல்வது? அவர்கள் தள்ளி நின்றுகொண்டார்கள்.

கோரையைப் பிடுங்கிவிட்டு இவற்றை நட்டோம். விடிவதற்குள் பாதி வாடிச் செத்தது. பாதி பிழைத்தது. ஊரிலிருந்து வந்தவர் வாசலில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஏன் நடுநடுவுல வெள்ளையா இடம் தெரியுது? அச்சுல எழுத்து விழாத மாதிரி? நீ களையோட சேர்த்து நல்லதையும் பிடுங்கியிருக்க. உனக்கு ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியுதா?"

காதில் தேன் பாய்ந்தது.

ஒரு மாதம் கழித்து முதல் பூ மலர்ந்தது. அதே வாரம் அவருடைய புதுக் கண்ணாடியும் வந்து சேர்ந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். மஞ்சளும் ஊதாவுமாக அத்தனையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பூவாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு, "அந்தப் பாக்கெட்டை எடுத்துட்டு வா" என்றார்.

பாக்கெட்டில் இருந்த படம் சிவப்பும் வெள்ளையும். படத்தைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அச்சுப்பிழை!" என்றார்.

"என்னங்க?"

"மஞ்சள் வர வேண்டிய இடத்துல சிவப்பை ஓட்டியிருக்கான். ஊதாவை விட்டே போயிட்டான். இதழ் அஞ்சுன்னு போட்டிருக்கு, பூவுல எண்ணிப் பாரு, எட்டு! இதைப் பிழை பார்த்தவன் தூங்கிட்டானா?"

சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக எடுத்தார். பாக்கெட்டு முழுவதும் கோடு, சுழி, அம்புக்குறி. ஓரத்தில் 'எட்டு இதழ்' என்று எழுதி அடிக்கோடிட்டார். முடித்துவிட்டு, விதை விற்ற கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதமும் எழுதி என்னிடம் கொடுத்தார்.

"பாக்கெட்டையும் உள்ள வெச்சுத் தபால்ல போடு. என்ன பதில் சொல்றான்னு பார்ப்போம்."

போச்சு. அவர்கள் உண்மையை எழுதிவிட்டால்? கடிதத்தைக் கிழித்துப் போடலாம்தான். ஆனால் பதில் வரும்வரை வாரம் ஒன்று எழுதுவார். யோசித்து யோசித்து, அடுக்களையில் வைத்து ஒரு துண்டுச் சீட்டு எழுதினேன்: 'ஐயா, எங்கள் வாசல் முழுக்க களை. அவர் மேல் தப்பில்லை. தயவுசெய்து பதில் போட வேண்டாம்.' உறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து சீட்டை உருவியது.

"நீ என்ன எழுதியிருக்க? பிழையோட வெளிய போனா யாருக்கு அவமானம்?"

படித்தார். புருவம் ஏறியது. என் உயிர் இறங்கியது.

"'முழுக்க களை'யா? நடுவுல 'க்' எங்க?" போட்டார். "வாக்கியம் முடியவே இல்லையே. 'களை கட்டியிருக்கிறது'ன்னு முடிக்கணும்." அதையும் எழுதினார். "சும்மா சொல்லக் கூடாது, வாசல் நிஜமாவே களை கட்டித்தான் இருக்கு. 'அவர் மேல் தப்பில்லை'யா? யாரு, அச்சடிச்சவன் மேலயா? இந்த இளகின மனசுதான் உன்னோட பிரச்சினை. சரி, அதுவும் இருக்கட்டும். பாவம், பதிலும் வேண்டாம்."

அவரே பசை தடவி உறையை ஒட்டினார். ஒட்டிவிட்டு, "மதியம் பொரியல்ல காரம் கூடிப்போச்சு" என்றார்.

எதையும் இரண்டாம் முறை படித்துப் பார்ப்பது அவர் தொழில் வழக்கம். அதனால் உறையைப் பிடுங்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தபால் பெட்டிக்கு ஓடினேன்.