என் வயிற்றில் குடியிருப்பவர்கள்

பத்துக் கிலோ! குறைத்தே தீருவது என்று நானும் என் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைகுலுக்கி முடிவெடுத்தோம்.

நான் தையல்காரன். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு எனக்கு மனப்பாடம். என் இடுப்பை மட்டும் அளப்பதில்லை. தொழில் வேறு, குடும்பம் வேறு. என் மனைவி கணக்கு டீச்சர். அவளிடம் எதையும் தோராயமாகச் சொல்லித் தப்ப முடியாது.

ஒரே அடுப்பு, ஒரே அளவுச் சாப்பாடு, ஒரே நடை. பூங்காவை அவள் நாலு சுற்று என்றால் நானும் நாலு சுற்று. ஆறு வாரம் கழித்து எடை பார்த்தோம். அவள் ஆறு கிலோ குறைந்திருந்தாள். நான் அறுநூறு கிராம். அதிலும் அன்றுதான் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"ஏங்க, கடையில என்ன சாப்பிடுறீங்க?"

"நூலைப் பல்லால கடிக்கிறேன். அது கணக்குல வருமா?"

"விளையாடாதீங்க. மிச்சம் அஞ்சு கிலோ நானூறு கிராம் எங்க போச்சு?"

"போகலையே, அதுதானே பிரச்சினை! இங்கயேதான் இருக்கு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்தாள். வெட்டுத்துணி மூட்டையைக் கிளறினாள். பட்டன் டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்தாள். எதிர் பேக்கரிக்காரரிடமே போய்க் கேட்டுவிட்டாள்.

"இவர் இங்க வர்றாரா?"

"ஆறு வாரமா எட்டியே பாக்கலம்மா. எங்களுக்குத்தான் வருத்தம்."

வாசகர்களே, நான் நிஜமாகவே நிரபராதி. பேக்கரி அடுப்பைத் திறக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு மிஷினை மிதித்தவன். பசியோடு இருந்தது நான், பழியும் எனக்கா? ஒரு நாள் டேப்பைக் கழுத்தில் போட்டபடி வேலை ஓடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த உடம்புக்கு என் மேல் என்ன கோபம் என்று தையல் மிஷினிடம் கேட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அவளே என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்க மேல தப்பு இல்ல. ஒருவேளை ஜீன்ஸ் காரணமா இருக்கலாம்."

"நான் ஜீன்ஸ் தைக்கிறதே இல்ல டாக்டர். ஊசி உடையும்."

"அந்த ஜீன்ஸ் இல்லீங்க! அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற மரபணு. பசி எவ்வளவு எடுக்கணும், கொழுப்பை எவ்வளவு சேத்து வைக்கணும்கிறதுல அதுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்புறம் நம்ம குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா குடியிருக்கு. ஆளுக்கு ஆள் அது வேற. அதனால ஒரே சாப்பாடு ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வேலை செய்யணும்னு இல்ல. இதுல இன்னும் புரியாதது நிறைய இருக்கு. ஆனா நீங்க திருடித் தின்னீங்கன்னு மட்டும் அர்த்தம் இல்ல."

எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். விடுதலை!

வீட்டுக்கு வரும் வழியிலேயே திட்டம் தயாராகிவிட்டது. சட்டையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தேன்.

"கேட்டியா? எல்லாம் எங்கப்பா விட்டுட்டுப் போன சொத்து. நாளையில இருந்து நடையெல்லாம் கிடையாது. உருளைக்கிழங்கை நல்லா மொறுமொறுன்னு வறு. ஜீனை யாரால மாத்த முடியும்?"

"மாத்த முடியாதுதான்" என்றாள் அவள், என்றுமில்லாத பணிவோடு. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். "ஆனா குடியிருக்கிறவங்கள மாத்தலாமாமே?"

"யாரை?"

"உங்க வயித்துல இருக்கிறவங்கள. நாம போடுற சாப்பாட்டைப் பொறுத்து நல்லதுங்க பெருகுமாம். அதுங்களுக்கு நார்ச்சத்துதான் வேணுமாம்."

மறுநாள் தட்டில் வேகவைத்த பயறு, ஒரு குன்று கீரை, தோல் சீவாத காய், ஒரு கிண்ணம் தயிர்.

"இதை எப்படிம்மா சாப்பிடுறது?"

"உங்களுக்கு யாரு வச்சா? இது அதுங்களுக்கு. நீங்க வழி மட்டும் விடுங்க."

"வறுவல்?"

"அதுங்க கேட்கலையே."

என் வயிறு, என் வாய். நடுவில் எனக்கு ஓட்டுரிமை இல்லை! நடையும் நிற்கவில்லை. "அதுங்களுக்குக் காத்து வாங்கணுமாம்" என்று தினமும் நாலு சுற்று இழுத்துப்போனாள். இதை எந்த டாக்டர் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நாலு மாதத்தில் மூன்றரைக் கிலோ இறங்கியது. என் பேண்ட்டை இரண்டு அங்குலம் நானே பிடித்துத் தைத்தேன். அன்றைக்குப் போட்ட தையல் மாதிரி நேரான தையலை என் வாழ்நாளில் போட்டதில்லை. மாடிப்படியில் பாதியில் நின்று பெருமூச்சு விடுவதும் போய்விட்டது. அவள் வேகம் எனக்கு வராது. ஆனால் என் வேகம் என்று ஒன்று இருக்கிறதே!

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். அவள் வெளியே உட்கார்ந்தாள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

"உங்க வீட்டுக்காரம்மாவைத்தான் பாராட்டணும். முதல் தடவை நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தனியா வந்து பேசிட்டுப் போனாங்களே!"

"தனியாவா?"

"ஆமா. 'அவர் திருடல டாக்டர், நல்லா விசாரிச்சுட்டேன். ஆனா மனசு ஒடஞ்சு போயிட்டாரு. அவர் மேல தப்பில்லன்னு நீங்க சொன்னாத்தான் நம்புவாரு'ன்னாங்க. 'சொன்ன உடனே அதையே சாக்கா வச்சு வறுவல் கேட்பாரு, அதுக்கு என்ன பதில்'னும் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டாங்க."

ஏதோ முனகிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

தோற்றதைக் காட்டிக்கொள்வேனா? நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நான் பெரிய புத்திசாலின்னு சொன்னாங்க."

அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"அதையும் நான்தான் சொல்லச் சொன்னேன்."