சொந்த உபயோகத்துக்கு அரை ராத்தல்

பினாங்குக்குக் கப்பலேறும் பயணி தம் சொந்த உபயோகத்துக்கு அரை ராத்தல் புகையிலை வரை தீர்வையில்லாமல் கொண்டுபோகலாம் என்பது அந்த ஊர்ச் சுங்கத்தின் விதி. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இவ்வளவு எளிதில் விளங்கும் விதி ஒன்று உலகத்தில் நடமாடுவது நம் அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை. சொந்த உபயோகம் என்றால் பயணி உபயோகிக்கிறவராக இருக்க வேண்டுமே, அதை யார் ருசுப்படுத்துவது? இதற்கென்றே எழுபத்தேழாம் வருஷம் மதுரையில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். ஒரு கண்காணிப்பாளர், சில எழுத்தர்கள், எச்சில் துப்ப அரசாங்கச் செலவில் ஒரு பித்தளைப் படிக்கம்.

செக்கானூரணி விருமாண்டி அங்கே போய்ச் சேர்ந்தது அவன் தலையெழுத்து. மழை பொய்த்து, கிணறு வற்றி, வீட்டில் உலை வைக்கவே யோசனையாக இருந்த நேரம். பினாங்கில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்த தாய்மாமன் பேயாண்டி ஊருக்கு வந்த ஆளிடம் சொல்லியனுப்பினார்:

"கடைக்கு ஆள் வேணும். இங்க இருக்கிற பயலுகல்லாம் சரக்கையே தின்னு தீக்கிறாய்ங்க. புகையிலையத் தொடாத விருமாண்டிய அனுப்பி வைங்க. வாரப்ப எனக்கு நம்மூர்ப் புகையிலை அரை ராத்தல் கொண்டாரட்டும்."

அந்த வேலைக்கு அவனிடம் இருந்த தகுதி அது ஒன்றுதான், பாவம்.

கண்காணிப்பாளர் கருத்தக்கண்ணன் வாய் நிறைய வெற்றிலையோடு, சாறு வழியாமல் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு விசாரித்தார்.

"புகையிலை போடுவியா?"

"இல்லைங்கய்யா. மாமாவுக்குக் கொண்டு போறேன்."

"அப்ப அது வியாபாரம். சொந்த உபயோகம்னு எப்படி எழுதுறது?"

"சொந்த மாமாதாங்கய்யா."

"மாமா சொந்தம்தான்யா. வாய் அவரோடதுல்ல?"

விதிப்படி பரிசோதனை நடந்தது. விண்ணப்பதாரர் வெற்றிலையோடு புகையிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, தம் முழு முகவரியையும் திருத்தமாகச் சொல்ல வேண்டும். சட்டையில் ஒரு சொட்டு விழக் கூடாது. விருமாண்டி தெருப் பெயரைத் தாண்டுவதற்குள் சாற்றை விழுங்கிவிட்டான். சுவரெல்லாம் சுற்றியது. படிக்கத்தின் பக்கத்திலேயே சாய்ந்தான். கருத்தக்கண்ணன் மிகுந்த அனுதாபத்தோடு, 'விண்ணப்பதாரர் போலி' என்று எழுதினார்.

காஜிமார் தெருவிலிருந்து பயண ஏற்பாடு செய்து கொடுக்கும் சிஹாபுதீன்தான் அவனை வெளியே தூக்கிவந்து சோடா வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணே, புகையிலை போடலைன்னா சான்றிதழ் தர மாட்டாய்ங்க. போட்டா மாமா கடைக்குள்ள விட மாட்டாரு. நான் என்னதான் செய்ய?" என்று விருமாண்டி அழுதேவிட்டான்.

"இதுக்கா கலங்குற மாப்ள? போடாதவன்னும் ஒரு சான்றிதழ் வாங்கிருவோம், வா."

அடுத்த சன்னலுக்குப் போனார்கள். கருத்தக்கண்ணனும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அதே சன்னலுக்கு வந்தார்.

"போடாதவர் சான்றிதழ் இருக்கு. ஆனா போட்டுட்டு விட்டவங்களுக்குத்தான் தருவோம்."

"தொடவே தொடாதவனுக்கு?" என்றார் சிஹாபுதீன்.

"ஆரம்பிக்காததை விட்டுட்டான்னு நான் எப்படிங்க கையெழுத்துப் போட முடியும்? மொதல்ல போடுறவன்னு நிரூபிச்சிட்டு வரட்டும்."

நியாயம்தான். ஊரில் யாருக்கும் பேச்சில் விட்டுக்கொடுக்காத சிஹாபுதீனே எதிர்க்கடைக்குப் போய் ஒரு பொட்டலம் புகையிலை வாங்கிவந்தார்.

ஆகவே வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் பயிற்சி தொடங்கியது. முதலில் வாந்தி, அப்புறம் தலைசுற்றல், அப்புறம் வெறும் விக்கல். கப்பலுக்கு நாள் நெருங்குவதற்குள் விருமாண்டி அண்ணாந்தபடியே, பின்கோடு உட்பட, முகவரியைப் பாட்டாகவே பாடினான். அலுவலகத்தில், மாமாவுக்காக வாங்கிய சரக்கின் தரத்தை எழுத்தர்கள் கிள்ளிப் பார்த்தார்கள். கருத்தக்கண்ணன் அள்ளிப் பார்த்தார். காலையில் போடுகிறவர் என்றும் மத்தியானம் போடாதவர் என்றும், ஒரே முத்திரையில் இரண்டு சான்றிதழ்கள் கிடைத்தன.

மிச்சப் புகையிலை கப்பலில் தீர்ந்தது. கடல் குமட்டியது, குமட்டலுக்கு அவனுக்கு அப்போது தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

பினாங்குச் சுங்கத்தில் ஒரு தமிழ் அதிகாரி பையைத் துழாவி, "புகையிலை ஏதும் இருக்கா?" என்றார்.

"தீந்துபோச்சுங்கய்யா," என்று விருமாண்டி அண்ணாந்து சொன்னான். கடைசிக் கிள்ளு கடைவாயில் இருந்தது. போடுகிறவர் சான்றிதழை நீட்டினான்.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் இங்க யாரும் கேக்குறதே இல்லையே தம்பி. போங்க."

வெளியே பேயாண்டி காத்திருந்தார். "வாடா மருமகனே! சரக்கு எங்க?" என்றார். விருமாண்டி வாயைத் திறக்கவில்லை. போடாதவர் சான்றிதழைக் காட்டினான். மாமா படித்தார். கண் கலங்கிப் போனார். "தங்கம்டா நீ!" என்று அவனை இறுகக் கட்டிக்கொண்டார். கட்டிய வேகத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவந்தது.

விருமாண்டி அதே கப்பலில் திரும்பி வந்தான்.

ஆனால் அலுவலகம் அவனைக் கைவிடவில்லை. போடுகிறவர், போடாதவர் ஆகிய இருதரப்பிலும் முறையான சான்று பெற்ற ஒரே நபர் என்கிற முறையில், அவனையே நிரந்தரப் பரிசோதகராக நியமித்தது. இப்போது அவன்தான் அண்ணாந்தபடி எல்லாரையும் விசாரிக்கிறான்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. கடைசியில் ஓர் அம்மாள், கையில் வெற்றிலைப் பொட்டலத்தோடு.

"எந்த நாட்டுக்குத் தாயி போறீக?" என்று கேட்டேன்.

"நாடா? ரேசனுக்கு இந்தச் சான்றிதழ் வேணும்னு யாரோ சொன்னாக. எதுக்கும் ஒண்ணு வாங்கி வச்சுக்கிருவோமேன்னு நிக்கிறேன்."

எனக்குப் பினாங்கும் தெரியாது, புகையிலையும் தெரியாது. ஆனாலும் அந்த அம்மாள் சொல்வது சரி என்று பட்டது. எதிர்க்கடையில் ஒரு பொட்டலம் வாங்கிவந்து அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அண்ணாந்து என் முகவரியைச் சொல்லிப் பழக ஆரம்பித்தேன்.