பாஸிவ் அண்ணன் கட்சி மாறினார்

ஆம்பூரில் சத்தத்தைக் கூட்டத் தெரியாதவர் கிடையாது. குறைப்பதற்கென்றே பிறந்தவர் ஒருவர்தான்: என் பக்கத்து வீட்டுப் பாஸிவ் அண்ணன்.

டேனரியில், தோலைப் போட்டு உருட்டிப் பதப்படுத்தும் பெரிய டிரம்களுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக நின்றவர். வீட்டுக்கு வந்தால் பாட்டுதான். பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே அவரே செய்த மரப்பெட்டி ஒன்று இருக்கும். ஒரே ஒரு திருகு; கரண்ட் ஒயர் கிடையாது. வருகிற சத்தத்தைக் குறைக்க மட்டுமே தெரிந்த பெட்டி. அந்த வகைக்குப் பேர்தான் பாஸிவ். என்னிடம் இருந்தது ஆக்டிவ். கரண்டில் ஓடும், சத்தத்தைக் கூட்டியும் கொடுக்கும்.

“உன் பொட்டி கரண்ட தின்னுட்டு, தன் சத்தத்தையும் சேத்து உடுது. நல்ல தோலுக்கு இன்னாத்துக்குடா பெயிண்டு?” என்பார்.

ஒயர் நீளமானால் பாஸிவ் பெட்டியில் பாட்டு மந்தமாகிவிடும். அதனால் பிளேயர், பெட்டி, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் சாப்பாட்டு மேஜைமேல் நெருக்கி வைத்துவிட்டார். வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்ததும் இரண்டு பெட்டிக்கும் போட்டி வைத்தோம். அவர் மனைவிதான் நீதிபதி. ஒரே பாட்டை இரண்டு தடவை கேட்டார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. பிரியாணி ஆறிப்போவுது, வாங்க,” என்றார் அண்ணி, தமக்கே உரிய சன்னமான குரலில். அண்ணன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

போன வருஷம் அண்ணன் ஒரு மாதிரி ஆனார். “ஜால்ரா சத்தம் காணோம்டா. எங்கியோ லாஸ் ஆவுது,” என்றார். திருகை மாற்றினார். ஒயரை மாற்றினார். ஸ்பீக்கரைப் பிரித்து மாட்டினார். கடைசியில் என் வாசலில் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “உன் ஆக்டிவ் பொட்டிய குடேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாஸிவ் அண்ணன் கட்சி மாறிவிட்டார் என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வாரத்தில் அண்ணி வந்தார். “தம்பி, சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது. அவருக்கு மட்டும் கேக்கல.”

நான் டீக்கடையில் சொன்னதையெல்லாம் திரும்ப அள்ளிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலூருக்குக் கூட்டிப்போனோம். காதைச் சோதித்த டாக்டர், டேனரி டிரம் சத்தம் காதை மெல்ல மெல்லத் தின்றிருக்கிறது, போனது திரும்பாது என்றார். காது மெஷின் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“இதுல பேட்டரி இருக்குதா சார்?”

“இருக்கு.”

“அப்ப இதுவும் ஆக்டிவ்தான். வேணாம்.”

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அண்ணி கத்திப் பேச வேண்டியதாயிற்று. உப்பு கம்மியா என்று கேட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆறேழு மாதத்தில் அந்தக் குரலும் நின்றது. தட்டை வைப்பார், தண்ணீர் வைப்பார், போய்விடுவார்.

“உங்க அண்ணிக்கு எம்மேல இன்னா கோவம்?” என்று ஒருநாள் அண்ணன் என்னிடம் கேட்டார்.

“கோவம் இல்லண்ணா. கத்தறதுக்கு வெக்கமா இருக்குதாம். அதான் பேசறதயே உட்டுட்டாங்க.”

காதில் விழவில்லை. அவர் பக்கத்தில் குனிந்து இன்னொரு தடவை சொன்னேன். அண்ணன் எழுந்து மேஜைமேல் இருந்த ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். மறுநாள் காலை தனியாக பஸ் பிடித்து வேலூருக்குப் போய், மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கே என் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார், கூடவே தம்முடையதையும்.

“பாட்டு இனிமே ஆவாதுடா. தகரத்த தட்றா மாதிரி கேக்குது. நீ வெச்சிக்க.”

“அண்ணி குரல்?”

“அதுவும் தகரந்தான். ஆனா திட்றது புரியுது.”

இப்போதெல்லாம் ஆபீஸ் விட்டு வந்ததும் நேரே அவர் வீட்டுக்குத்தான் போகிறேன். எதிரே உட்கார்ந்து, என் வாய் அவருக்குத் தெரிகிற மாதிரி, நிதானமாக ஊர்க்கதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.