காஜா பாயும் முப்பது தலைகளும்

சென்னையில் யாருக்கும் தெரியாத ராக் குழுக்கள் அத்தனையும் தெரிந்த ஒரே மனிதர், மயிலாப்பூரில் எனக்கு பேண்ட் தைக்கும் காஜா பாய்தான். காஜா என்பது அவர் பெயரா, சட்டையில் அவர் போடும் பொத்தான் துளையா என்று இதுவரை எவரும் விசாரித்ததில்லை. நான் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆவணம் இல்லாத விஷயத்தில் கருத்துச் சொல்வதில்லை.

அளவெடுக்க நின்றால் இடுப்பை விட்டுவிட்டு நம் ரசனையை அளப்பார்.

"சார், 'ஈரத் தீப்பெட்டி' கேட்டுகிறியா?"

"இல்லை பாய்."

"'இடது செருப்பு'?"

"பாய், இடுப்பு முப்பத்தெட்டு."

"அது கெடக்கட்டும் சார். தீப்பெட்டிய வூட்ல படுத்துக்கினு கேளு, போதும். செருப்ப மட்டும் நேர்ல பாக்கணும். அந்தப் பொண்ணு கிடார் வாசிச்சா நம்ம மிஷினே நின்னுபூடும்."

சொன்ன குழுவைக் கேட்காதவருக்குத் துணி கிடைக்காது. "பிரமாதம் பாய்" என்று பொய் சொன்ன ஒரு வங்கி மேலாளரிடம், "மூணாவது பாட்ல இன்னா வாத்தியம்?" என்றார். அவர் தம் மகள் கல்யாணத்துக்குப் பழைய பேண்டில்தான் போனார். என் பேண்டைக் கேட்டு நான் முறைப்படி மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். கடைசியானது ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில். அட்டை கையெழுத்தோடு திரும்பியது. கீழே இன்னொரு குழுவின் பெயர்.

இந்த 'இடது செருப்பு'க்கு இருந்த ஒரே மேடை, அபிராமபுரத்தில் ஒரு காபிக் கடையின் மாடி. போன முறை ஏழு பேர் வந்தார்கள். அதில் நால்வர் வாசித்தவர்களின் அம்மாக்கள். அடுத்த முறை முப்பது பேர் இல்லையென்றால் மாடி கிடையாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "முப்பது பேர நான் இட்டாறேன்."

வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும், "சாயங்காலம் கச்சேரி சார், கீழயே நல்ல காபி" என்றார். மயிலாப்பூரில் இந்த இரண்டு சொற்கள் போதும். அன்று மாலை முப்பத்தொரு பேர், பாதி பேர் வேட்டியில், விசிறியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் பாட்டுக்கே தொடையில் தாளம் விழுந்தது. பாய் சுவரோரம் நின்று தலைகளை எண்ணி எண்ணி மகிழ்ந்தார்.

பிறகு டிரம்ஸ்காரன் தனியாக அடிக்க ஆரம்பித்தான்.

சபாக்களில் பாட்டு நின்று மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் கால்களுக்கே தெரியும். இருபத்தாறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து காபிக்கு இறங்கிவிட்டார்கள். கடைக்காரர் தலை எண்ண மாடிக்கு வந்ததும் அப்போதுதான்.

"அஞ்சு பேர்தான் பாய். மீதியெல்லாம் ஓடிட்டாங்க."

கிடாரோடு நின்ற பெண்ணின் முகம் வாடிவிட்டது. கூட்டம் ஓடிவிட்டதென்று நினைத்த டிரம்ஸ்காரன் அவர்களை இழுத்துவர இன்னும் ஆவேசமாக அடித்தான். அவன் அடிக்கிற வரை அவர்கள் வரமாட்டார்கள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

பாய் அளவு நாடாவைக் கதவுக்குக் குறுக்கே பிடித்துக் கடைக்காரரை மறித்தார். "இரு நைனா! ஓடல. காபி குட்ச்சிக்கினு கீறாங்க."

நானும் எழுந்தேன். "இடைவேளையில் எடுத்த வருகைப்பதிவு செல்லாது" என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. என் பணிக்காலத்தில்கூட நான் விதியை இட்டுக்கட்டியதில்லை.

பாய் மேடைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "நிறுத்து மச்சி! நீ நிறுத்துனாதான் வருவாங்க!"

அவன் நிறுத்தினான். படிக்கட்டில் செருப்புச் சத்தம். இருபத்தாறு பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு அவரவர் நாற்காலியில் வந்து அமர்ந்தார்கள். அதில் ஒரு மாமா கடைக்காரரைப் பார்த்து, "காபி பேஷ். இந்தப் பொண்ணு அடுத்தது என்னிக்கு? ஆத்துலயும் அழைச்சுண்டு வரேன்" என்றார்.

கடைக்காரர் அங்கேயே ஒரு தேதி சொன்னார். பாய் சுவர்ப் பக்கம் திரும்பி, அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் பேண்ட் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. நான்காவது நினைவூட்டலை எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. பேண்ட் கைக்கு வந்துவிட்டால், வாரா வாரம் பாய் கடைக்குப் போக எனக்கு வேறு என்ன காரணம் இருக்கிறது?