ஷேக் ஃபலாஹுக்கு ஏற்ற ஹோட்டல்

"அவங்க முகம் சுளிச்சுட்டு ஊருக்குத் திரும்பினாங்கன்னா, நீயும் அப்படியே வீட்டுக்குப் போயிடு ரஸ்மி." முதலாளி போனை வைத்துவிட்டார்.

ரஸ்மி ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஜோர்டான் தலைநகர் அம்மானில் எந்த ஆளுக்கு எந்த ஹோட்டல் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர். வியாபாரிக்கு ஒன்று, புது ஜோடிக்கு ஒன்று, வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. அப்பேர்ப்பட்டவரைக் கரக் ஊரிலிருந்து வந்த மூன்றே பேர் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் ஷேக் ஃபலாஹ். அவர் தலையசைத்தால் ஒரு குலமே இந்த அலுவலகத்தில்தான் டிக்கெட் எடுக்கும். கூடவே தங்கை உம்மு ரக்கான், அவள் பிள்ளை எஞ்சினியர் ரக்கான்.

முதலில் பெரியவருக்கு ஏற்ற மாதிரி, பெரிய பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு பழைய ஹோட்டல். வரவேற்பறையில் காப்பி வந்தது. ஷேக் கோப்பையை வாங்கினார். உதட்டில்கூட வைக்காமல் மேஜையில் வைத்துவிட்டார்.

ரஸ்மிக்குப் பகீரென்றது. பெரிய மனிதர் காப்பியைத் தொடாமல் வைத்தால், மனசில் ஒரு கோரிக்கை இருக்கிறது, சரி என்று சொல்லும்வரை குடிக்கமாட்டேன் என்று அர்த்தம். வெட்டுக்குத்துப் பஞ்சாயத்துகூட அந்தக் கோப்பையில்தான் தீரும்.

"லிஃப்ட் வேற இல்லையே, என் முழங்கால் என்ன ஆகறது?" என்றாள் உம்மு ரக்கான்.

அதுதானே! "வேற இடம் பாத்துடுவோம்மா" என்று எல்லோரையும் காரில் ஏற்றினார்.

வழியில் உம்மு ரக்கான் பேச்சுக் கொடுத்தாள். "உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு, ஹனீன். கேட்டு வர்றவனையெல்லாம் வாசலோட துரத்திடுவேன். அவளுக்கு இப்ப என்ன அவசரம்?"

ரக்கானுக்கு ஏனோ இருமல் வந்தது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ரஸ்மி அதைக் குறைத்து வைத்தார்.

அடுத்தது கடைத்தெரு நடுவில், இரண்டு லிஃப்ட் உள்ள ஹோட்டல். உம்மு ரக்கானுக்கு வாயெல்லாம் பல். ஆனால் நீச்சல் குளத்துப் பக்கமிருந்து பாட்டு காதைக் கிழித்தது. ஷேக் தரையைப் பார்த்தபடி கோப்பையைக் கீழே வைத்தார்.

"தப்பு என்னுதுதான் ஷேக், மன்னிச்சுடுங்க! எழுந்திருங்க, போவோம்."

"நான் ஒண்ணும் சொல்லலியேப்பா..."

"நீங்க சொல்ற வரைக்கும் விடுவேனா?"

கடைசியாக ஐந்தாவது ரவுண்டானா பக்கம் ஒரு ஹோட்டல். அமைதி, தரைத்தளத்தில் அறை, எதிரே பள்ளிவாசல், பக்கத்தில் கடைகள், எஞ்சினியருக்கு வேகமான வைஃபை. "பிரமாதம்" என்றான் ரக்கான். ரஸ்மி மூச்சு விட்டார்.

காப்பி வந்தது. ஷேக் கோப்பையைக் கீழே வைத்தார்.

ரஸ்மிக்கு வேர்த்து ஊற்றியது. இதற்கு மேல் அம்மானில் ஹோட்டல் ஏது? சட்டைப்பையில் போன் அடித்தது. முதலாளிதான். எடுக்கவில்லை.

ஷேக் தொண்டையைச் செருமினார். "ரஸ்மி, எனக்கு ஒரு கோரிக்கை இருக்கு..."

"வாயைத் திறக்கவே வேணாம்! நீங்க எதுக்கு வந்தீங்களோ அது உங்களுக்குக் கிடைச்சாச்சு. குடிங்க!"

"என்னன்னு கேக்காமலேயா?"

"கேக்காமலே! இதோ மேனேஜர் சாட்சி. இங்க உக்காந்திருக்கிற அத்தனை பேரும் சாட்சி. பேச்சு மாறினா நான் ஆம்பளையே இல்ல!"

ஷேக் ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை ஆட்டிக் காட்டிவிட்டு ரஸ்மியைக் கட்டிக்கொண்டார். உம்மு ரக்கான் லாபியே அதிரும்படி குலவையிட்டாள். மேனேஜர் கை தட்டினார்.

அப்பாடா, வேலை பிழைத்தது! ரஸ்மிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இருந்தாலும் ஒரு ரூமுக்கா இத்தனை ஆரவாரம்?

"எத்தனை ராத்திரிக்குப் போடச் சொல்லட்டும் தம்பி?"

ரக்கான் குனிந்து அவர் கையை முத்தமிட்டான். "ரூமெல்லாம் வேணாம் மாமா. 'வீட்டுக்கு வந்தா எங்கப்பா துரத்திடுவார், கஸ்டமரா போங்க, எதைக் கேட்டாலும் இல்லேன்னு சொல்லமாட்டார்'னு ஹனீன்தான் எங்களை அனுப்பினா."