கருவாட்டுப் பானையும் எஞ்சின் பெட்டியும்

மைக்கின் முன்னால் நிற்கும்போது எதிரே இருப்பவர்கள் மனிதர்கள் என்பது எனக்கு மறந்துபோகும். அவையோர் என்று மட்டுமே தோன்றும். இந்த நோய் கல்லூரியில் பிடித்தது. செங்கல்பட்டு வட்டாரப் பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கோப்பைகளை வைக்க இடமில்லாமல், அம்மா ஒன்றில் கடுகும் இன்னொன்றில் வெந்தயமும் போட்டு வைத்திருந்தாள். (பெரிய கோப்பையில் புளி. முதல் பரிசாச்சே!)

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், பட்டம் பெற்ற கையோடு, ஒரு பொருளாதார ஆய்வில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. கடலோரக் குடும்பங்கள் எப்படிச் சேமிக்கின்றன என்பதைக் கடப்பாக்கத்தில் வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். ஆய்வை நடத்திய பேராசிரியை வசந்தா முதல் நாளே ஒரு விதியைச் சொன்னார்: "கணவரைத் தனியாகக் கேள், மனைவியைத் தனியாகக் கேள். ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்குப் போகவே கூடாது." ஒழுங்காக முடித்தால் நிரந்தர உதவியாளர் பதவி உண்டு என்றார். அந்த நாற்காலியில் நான் மனத்தளவில் அன்றே அமர்ந்துவிட்டேன். உயரம் சற்றுக் குறைவோ என்றுகூட யோசித்தேன்.

தனலட்சுமி அக்கா வீட்டுக்குப் போனபோது அவர் வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அச்சரப்பாக்கம் சந்தையில் மீன் விற்பவர். மீன்கூடையைக் கண்டாலே கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தாமல் விசிலை ஊதிவிடுவதால், அவருக்குப் பாதி நாள் ரோட்டிலேயே கழிந்தது.

"கணவருக்குத் தெரியாத சேமிப்பு ஏதாவது உண்டா அக்கா?"

தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கீது பாப்பா. கருவாட்டுப் பானைக்கு அடில. ஒரு மொபெட்டு வாங்கணும். எங்க வூட்டு ஆளுக்குத் தெரிஞ்சா வலைக்குன்னு எட்த்துகினு பூடும். யாராண்டயும் சொல்லிடாத, இன்னா?"

"உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்" என்றேன். (வசனம் நன்றாக அமைந்ததே என்று உள்ளுக்குள் ஒரு கைதட்டல் வேறு.)

அவர் கணவர் ஏழுமலையிடம் கேட்டு எழுதி வந்தவன் என்னோடு வேலை பார்த்த செல்வம். இருவர் படிவத்தையும் சுத்தப் பிரதி எடுத்தவள் நான். ஏழுமலை அண்ணனுக்கும் மனைவி அறியாத சேமிப்பு இருந்தது: கொல்லையில் கிடந்த பழைய படகு எஞ்சின் பெட்டிக்குள்.

கடைசி வாரம், வலை பின்னும் கொட்டகையில் மகளிர் குழுக் கூட்டம் நடந்தது. பேராசிரியையும் வந்திருந்தார். ஆண்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பாப்பா, நீயும் ரெண்டு வார்த்தை பேசேன்" என்று குழுத் தலைவி மைக்கை நீட்டினார்.

இரண்டு வார்த்தையா! "அலைகடலோ ஆர்ப்பரிக்கிறது, உங்கள் அஞ்சறைப்பெட்டியோ அமைதி காக்கிறது!" என்று தொடங்கினேன். கைதட்டல். எடுத்துக்காட்டு இல்லாத பேச்சுக்கு மதிப்பெண் குறையும் என்பது என் எலும்பில் ஊறிய பாடம். ஆகவே, இருபதாவது நிமிடத்தில், கையை நீட்டி முழங்கினேன்:

"சான்று வேண்டுமா? இதோ, முன்வரிசையில் என் அருமை அக்கா தனலட்சுமி! கட்டிய கணவரும் அறியாமல், கருவாட்டுப் பானையின் அடியிலே, ஒரு மொபெட்டையே சேர்த்து வைத்திருக்கிறாரே!"

கைதட்டல் வரவில்லை. கூட்டம் மொத்தமும் திரும்பி ஏழுமலையைப் பார்த்தது.

"இன்னா மச்சான், வூட்லயே பேங்க் வச்சிகினுகீற, சொல்லவே இல்ல?" என்று ஒருவர் கத்தினார். ஏழுமலை வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

அக்காவின் மொபெட் என் கண்ணெதிரே வலையாக மாறிக்கொண்டிருந்தது. தடுத்தாக வேண்டும். வாதம் சரியும்போது எதிரணியைத் தாக்கு என்பதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

"நில்லுங்கள் அண்ணா! பழைய எஞ்சின் பெட்டிக்குள் நீங்கள் ஒளித்து வைத்திருப்பது மட்டும் என்னவாம்?"

அக்கா எழுந்துவிட்டார். "இன்னாது? பெட்டில டப்பு வச்சிகினுதான் போன மாசம் என் கம்மலக் கழட்டிக் குடுன்னு நின்னியா?"

"அது... மழக்காலத்துக்குன்னு, தனா..."

"ஏன், என் கம்மலப் பாத்தாதான் மழ பெய்யுமா?"

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. பேராசிரியை மட்டும் கண்களை மூடிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் ஊரில் பல பானைகளும் பெட்டிகளும் இடம் மாறின. மிச்சமிருந்த வீடுகளில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே பதில்: "சேமிப்பா? அப்டின்னா இன்னா?" பேராசிரியை என் படிவங்களை வாங்கிக்கொண்டு, "நீ தேர்தலில் நில், அம்மா. ஆய்வை விட்டுவிடு" என்றார். பதவி செல்வத்துக்குப் போயிற்று. (வாயே திறக்காத பயல்!)

மறுவாரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் புத்தம் புதிய மொபெட். ஊர்க்கேலி தாங்காமல் ஏழுமலை பெட்டியைத் திறக்க, அக்கா பானையைத் திறக்க, இரண்டும் சேர்ந்து வண்டியாகியிருந்தது. கடைக்காரர் ஒரு நோட்டுக்கட்டை எண்ணும்போது கருவாட்டு நாற்றமும், அடுத்த கட்டில் டீசல் நாற்றமும் தாங்காமல் எழுந்து ஜன்னலைத் திறந்தாராம்.

"பயப்படாம உக்காரு" என்றார் அக்கா. "நீ கத்தலன்னா இது இன்னும் பத்து வருசம் பானையிலயே கெடந்திருக்கும். ஆனா ஒண்ணு. எங்க வூட்ல உனக்குச் சோறு உண்டு, கொழம்பு உண்டு. பதில் மட்டும் கெடையாது."

என் கல்யாணத்துக்கு அதே மொபெட்டில் வந்து இறங்கினார். மேடையேறி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எதுனா ஒளிச்சு வைக்கணும்னா இவளுக்குத் தெரியாம வை" என்றார். பந்தல் முழுக்கக் கேட்டது.

என் கணவரும் அதை வேதமாக எடுத்துக்கொண்டார். "கையில் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று நான் கேட்டால், இன்றைக்கும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பக்கத்துல மைக் எதுவும் இல்லியே?" என்கிறார். எங்கே வைக்கிறார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

(கருவாட்டுப் பானையில் பார்த்தாயிற்று. இல்லை.)