இரண்டாம் வகுப்பில் வாழும் பாலூட்டி

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமுமாக எழுதுவது.

நான் நலம். நீங்களும் அண்ணனும் அண்ணனுடைய முதுகும் நலம் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் "ஹலோ" சொல்லும் விதத்திலேயே பாதியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், மீதியை நான் அழுதே சொல்லிவிடுவேன். அதனால்தான் கடிதம். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். அடுத்த வருடமும் இருப்பேனா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லி தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். மாட்டேன் என்று சொல்லப்போகிறேன். மாடி அறையில் உங்கள் தையல் மிஷினைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு கட்டிலுக்கு இடம் வந்துவிடும்.

"இங்கே எல்லோரும் என்னைத் தாங்குகிறார்கள்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? பொய். அதற்கு முந்தைய கடிதத்தில் எழுதியதும் பொய்தான், ஆனால் கொஞ்சம் சின்னது. பத்து மாதமாகியும் எனக்குப் பெயர் "புது டீச்சர்". ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் கணக்குக்காரர்கள், மின்விசிறிக்குக் கீழே மொழிக்காரர்கள், கதவருகே ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். முதல் நாள் நான் உட்கார்ந்த நாற்காலி, விளையாட்டு ஆசிரியர் பந்துப் பை வைக்கும் நாற்காலியாம். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். மறுநாள் முதல், நோட்டு திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு என் வகுப்பிலேயே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். திருத்த நோட்டு அவ்வளவெல்லாம் கிடையாது. ஏதாவது படிப்பேன். படிக்காத நாளில் எதிர்க் கட்டடத்தில் காயும் துணிகளை எண்ணுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் விலங்கு வகைகள் பாடம் வந்தது. முப்பத்தொரு பிள்ளைகள். மேசைகளை ஒதுக்கி, தரையில் சாக்பீஸால் ஐந்து வட்டம் போட்டு, ஆளுக்கொரு படத்தைக் கழுத்தில் மாட்டி, "அவங்கவங்க வட்டத்துக்குப் போங்க" என்றேன். வவ்வால் போய்ப் பறவைகளோடு நின்றுகொண்டான். "வவ்வால் குட்டிக்குப் பால் குடுக்கும், நீ இந்தப் பக்கம் வா" என்றேன். "நான் எங்க டீச்சர் குடுத்தேன்?" என்று ஒரே அழுகை. தவளைகள் இரண்டும் கோட்டின் மேல் நின்றுகொண்டு, "நாங்க ரெண்டு எடத்துலயும் இருப்போம், யாரும் கேக்க முடியாது" என்றன. திமிங்கலம் மீன்களோடு கைகோத்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. "எனக்கு இவங்களத்தான் டீச்சர் தெரியும்!" மீன்களோடே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வீட்டுப்பாடம். ஓர் உயிரை ஒரு வாரம் கவனித்து ஐந்து வரி எழுத வேண்டும்: பெயர், வகை, உணவு, வாழுமிடம், தனியாகவா கூட்டமாகவா. இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் எழுதியது திங்கட்கிழமை முதல் மணிக்குள் நடைவழிப் பலகையில் ஏறிவிட வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் ஆசிரியரின் சிவப்பு டிக் இருக்க வேண்டும், சனிக்கிழமைவரை யாரும் எடுக்கக் கூடாது. நூற்று ஐம்பத்தைந்து டிக்! முதல் சில தாள்களை ஒழுங்காகத்தான் படித்தேன். தாத்தாவை ஊர்வனவில் சேர்த்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டால், "காலையில நீங்க வந்து பாருங்க டீச்சர்" என்றான். ஒன்பதாவது பூனைக்குப் பிறகு நான் படிக்கவில்லை. கை மட்டும் டிக்கும் பாராட்டும் போட்டுக்கொண்டே போனது.

திங்கள் காலை பலகைக்கு முன்னால் ஒரே கூட்டம். எல்லோரும் ஒரே தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். வருட நடுவில் வந்து சேர்ந்ததால் வகுப்பே "புதுசு" என்று கூப்பிடும் பெண் எழுதியது:

பெயர்: டீச்சர். வகை: பாலூட்டி. முடி இருக்கிறது. முட்டை போடவில்லை. உணவு: ரொட்டி, வாழைப்பழம், சில நாள் நகம். வாழுமிடம்: இரண்டாம் வகுப்பு. தனியாகவா கூட்டமாகவா: தனியாக.

ஐந்து வரிக்கும் ஐந்து டிக். கீழே என் கையெழுத்திலேயே, "மிகச் சரி! கூர்ந்த கவனிப்பு." பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

"நகம் செரிக்குதாம்மா?" என்றார் மொழி ஆசிரியை. "ஸ்டாரையும் நீங்களே போட்டுக்கிட்டீங்களே!" என்றார் விளையாட்டு ஆசிரியர். தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கா. கையெழுத்துதான் கொஞ்சம் சாயுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரித்ததைப் பற்றி வருத்தமில்லை, அண்ணி. நானும் சேர்ந்து சிரித்தேன், பத்து மாதத்தில் அவர்களோடு சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். ஆனால் நகத்தைப் பற்றி ஒருவர் பேசினார், நட்சத்திரத்தைப் பற்றி ஒருவர் பேசினார், கையெழுத்தைப் பற்றி ஒருவர் பேசினார். கடைசி வரியைப் பார்த்து, பேச்சுக்காவது, "அப்படியெல்லாம் இல்லையே" என்று யாரும் சொல்லவில்லை. மணி அடித்ததும் அவரவர் ஆட்களோடு போய்விட்டார்கள். அந்தத் தாள் சனிக்கிழமைவரை அங்கேயே இருக்கும். தினமும் நான்கு முறை அதைக் கடந்து போகிறேன். அதனால் வருகிறேன். முடிவு செய்தாகிவிட்டது, மனதை மாற்றப் பார்க்காதீர்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தம், சண்டை வராமல் பிரித்துக் கொடுங்கள். என்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கேட்காதவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

என்றும் உங்கள் அன்புள்ள,
நாத்தனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடி இன்று மதியம் வகுப்பின் பின்பக்கம் போனேன். அலமாரிக்குப் பின்னால், பை வைக்கும் இடத்தில், புதுசு கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க என்ன பண்றே? எல்லாரும் கூடத்துலதானே சாப்பிடறாங்க?"

"அங்க எல்லாரும் எல்லாருக்கும் எடம் புடிச்சு வெச்சிருக்காங்க டீச்சர்."

"எத்தனை நாளா இங்க?"

"சேந்ததுலேருந்து."

மூன்று மாதம், அண்ணி. எட்டடி தூரம். பிள்ளைகளுக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பவள் நான்.

நேரே போய்த் தலைமையாசிரியையிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். திரும்பி வந்து, நாற்காலியை அலமாரிப் பக்கமாக இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, எந்த ஊரிலிருந்து வந்தாய், வீட்டில் யார் யார் என்று ஆரம்பித்தேன். மடியில் விரித்திருந்த நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"கொஞ்சம் பேசாம சாப்பிடுங்க டீச்சர். உங்களப் பாத்து எழுத வேண்டாமா?"